பச்சை விளக்கும் காப்பு மின்கலமும்

யூபிலி மலருக்குத் தமிழாசிரியரிடம் கட்டுரை வேண்டுவோர், இலக்கியம் பற்றியோ சமயம் பற்றியோ ஒன்று வருமென்றே எதிர்பார்ப்பர். நாம் இம்முறை எடுத்துக்கொண்ட பொருள் நெல்மணியளவான ஒரு விளக்கும், நாணயமளவான ஒரு மின்கலமும் ஆகும். விஞ்ஞானம் கற்பித்தல் நம் தொழிலன்று. ஆயினும், விஞ்ஞானக் கருவியொன்றின்மேல் ஒட்டுதற்கென எழுதப்பட்ட தமிழ் வாக்கியமொன்றை நாம் பார்வையிட்டுச் சரியென்று ஒப்பமிட்டோம். அவ்வாக்கியம் சரியன்று. அதனால் ஒரு மாணவனது உழைப்பின் பெரும்பகுதி வீணாயிற்று. பிழை எங்கே இருந்தது என்று ஆராயப் புகுந்தபோது நாம் கற்றவற்றைப் பழைய மாணவரும், இன்று கற்போரும், உடனாசிரியரும் அறிதல் நன்றெனக் கருதி இங்கே எழுதலாயினோம்.

நிகழ்ந்தது இது. நம் கல்லூரி விஞ்ஞான மன்றத்து மாணவர், பழைய மாணவர் சிலர் உவந்தளித்த பொருளுதவியைக் கொண்டு, மழையளவைத் தானே குறித்துவைக்கும் கருவியொன்றை வாங்கி ஆய்வுகூடத்தின் பின்புறத்தே அமைத்தனர். உயர்தர வகுப்பு மாணவனொருவன் அதன் பொறுப்பை ஏற்றான். யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றும் இல்லை. சுண்ணாம்புக் கற்படையினுள்ளே தங்கும் மழைநீரே கிணற்று நீராக நமக்குக் கிடைக்கின்றது. பெய்த மழை எத்தனை நாளிற் கிணற்றில் தெரிகின்றது என்று காணவேண்டும் என்பது அம்மாணவனின் ஆவல். ஆகவே மழையைக் கருவி குறிக்க, கல்லூரிக் கிணற்றின் நீர்மட்டத்தை நாள்தோறும் காலையிற் கயிறிட்டு அளந்து குறிப்பதைத் தன் வேலையாக்கிக் கொண்டான்.

கருவிப் பெட்டியின்மேல் ஒட்டுதற்கு அவன் ஓர் அறிவித்தலை எழுதி நம்மிடம் கொணர்ந்தான். “சேர், தமிழ்ப் பிழை இருந்தால் திருத்தித் தாருங்கள்” என்றான். “பச்சை விளக்கு எரிந்தால் கருவி ஒழுங்காக வேலை செய்கின்றது என்று அறிக” என்பது அவ்வறிவித்தல். எழுவாய் பயனிலை இயைபு பார்த்தோம், ஒற்று மிகுமிடம் பார்த்தோம், குறையொன்றும் கண்டிலோம். “நல்ல தமிழ், தம்பி, ஒட்டிவிடு” என்று கூறி ஒப்பமிட்டோம்.

மார்கழி விடுமுறை வந்தது. மாரி மழையும் வலுத்தது. மின்சாரம் பலமுறை தடைப்பட்டு மீண்டது. கிணறளக்க நாள்தோறும் வந்த மாணவன் பெட்டியைப் பார்த்தான். பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. காவலாளி பார்த்தார், எரிந்துகொண்டிருந்தது. தை மாதத்திற் கல்லூரி திறந்தபின் பதிவைக் கணினியில் இட்டுப் பார்த்தபோது, மழையளவெல்லாம் இருந்தன, நாள் இல்லை. ஒவ்வொரு மின்தடைக்குப் பின்னும் கருவி, 2000ஆம் ஆண்டு சனவரி 1ஆம் நாள் நள்ளிரவிலிருந்து தன் கணக்கைப் புதிதாகத் தொடங்கியிருந்தது. ஒரே தேதியின்கீழ் நான்கைந்து மழைகள் நின்றன. விடுமுறைக் காலத்திற் பதிவான மழையின் மொத்தம் தெரிந்தது. எந்த மழை எந்த நாளிற் பெய்தது என்பது தெரியவில்லை. அவன் அரிதின் முயன்று அளந்த கிணற்றுக் கணக்கு, ஒப்பிடுதற்குத் துணையின்றித் தனித்து நின்றது.

இஃது எவ்வாறு நேர்ந்தது என்பதை அறிதற்குக் கருவியின் உள்ளமைப்பைச் சிறிது அறிதல் வேண்டும். தரவு பதிகருவி எனப்படும் இவ்வகைக் கருவிகள் யாவும் மூன்று வேலைகளைச் செய்வன. முதலாவது, உலகில் நிகழும் ஒன்றை மின்குறியாக மாற்றுதல். இதனைச் செய்வது உணரி. இரண்டாவது, அம்மின்குறியை எண்ணாக்குதல். மூன்றாவது, அவ்வெண்ணை நேரத்தோடு சேர்த்து நினைவகத்தில் எழுதுதல்.

நம் மழைமானியின் உள்ளே, ஏறியிறங்கும் பலகை போன்ற தண்டொன்றில், முதுகோடு முதுகு பொருந்திய இரு சிறு வாளிகள் உள. ஒன்று நிரம்பியதும் கவிழ்ந்து நீரைக் கொட்ட, மற்றது மேலெழுந்து நீரை ஏற்கும். ஒவ்வொரு கவிழ்ப்பும் 0.2 மில்லிமீற்றர் மழைக்குச் சமம். கவிழுந்தோறும் வாளியோடு பொருந்திய காந்தம் ஓர் ஆளியைக் கணநேரம் மூடும். கருவி ‘ஒன்று’ என எண்ணும். ஐந்து கவிழ்ப்பு ஒரு மில்லிமீற்றர் ஆகும். வெப்பநிலை போன்றவற்றை அளக்கும் கருவிகளில், மின்னழுத்தத்தை எண்ணாக மாற்றும் உறுப்பொன்றும் இருக்கும். பன்னிரண்டு பிற்று மாற்றியொன்று தன் அளவெல்லையை 4096 படிகளாகப் பகுக்கும். எல்லை 5 வோல்ற்றாயின் ஒரு படி ஏறத்தாழ 1.2 மில்லிவோல்ற்று ஆகும். இவ்வளவு நுட்பமாக அளந்த எண்ணும், எப்போது அளந்தது என்பது தெரியாவிடிற் பயனில்லாததாகிவிடும்.

இதனை நம் மாணவர்க்கு இலக்கணத்தால் விளக்கலாம். ‘பெய்’ என்பது பகுதி. அது ‘பெய்தது’ என்று ஆகும்போது இடையே நின்று காலங்காட்டுவது தகர இடைநிலை. பகுதி மட்டும் நின்றால் இன்ன தொழில் என்பது தெரியும். எக்காலத்து என்பது தெரியாது. பதிகருவியில் அவ்விடைநிலையின் வேலையைச் செய்வது உள்ளிருக்கும் மணிக்கூடே.

அம்மணிக்கூட்டின் நெஞ்சாயிருப்பது இசைக்கவை வடிவில் வெட்டிய சிறு படிகக்கல் துண்டு. மின்னூட்டினால் அது செக்கனுக்கு 32,768 முறை அதிரும். இவ்வெண்ணைத் தெரிந்துகொண்டதற்குக் காரணம் உண்டு. அதனைப் பதினைந்து முறை இரண்டாற் பிரித்தால் மிச்சமின்றி ஒன்று வரும். பதினைந்து பாதியாக்கிகளை அடுத்தடுத்து வைத்தால் செக்கனுக்கு ஒரு துடிப்புக் கிடைக்கும். அத்துடிப்பை எண்ணியே நிமிடமும் மணியும் நாளும் ஆண்டும் பெறப்படுகின்றன. எண்ணிக்கை ஒரு கணமேனும் நின்றால், மீண்டும் தொடங்கும்போது மணிக்கூட்டுக்கு உலகின் நேரம் தெரியாது. தனக்கென வகுத்த முதல் நாளிலிருந்தே அது எண்ணத் தொடங்கும். அவ்வாறு வகுத்த முதல் நாளே 2000 சனவரி 1.

எண்ணிக்கை நில்லாதிருத்தற்பொருட்டு வைப்பதே காப்பு மின்கலம். கடைகளில் மணிக்கூட்டுப் பற்றரி என்று கேட்டு வாங்குகின்றோமே, அதுதான். பலவிடத்தும் காண்பது சி.ஆர். 2032 என்னும் வகை. இவ்வெண்ணுக்கும் பொருளுண்டு: விட்டம் 20 மில்லிமீற்றர், தடிப்பு 3.2 மில்லிமீற்றர். இலிதியமும் மங்கனீசீரொட்சைட்டும் கொண்ட இக்கலத்தின் அழுத்தம் 3 வோல்ற்று. கொள்ளளவு ஏறத்தாழ 220 மில்லி அம்பியர் மணி. மணிக்கூடு உண்பதோ ஒரு மைக்குரோ அம்பியர் அளவே. வகுத்துப் பார்த்தால் 220,000 மணி நேரம், அதாவது 25 ஆண்டு வருகின்றது. காகிதத்தில் இக்கணக்குச் சரி. நடைமுறையில் அவ்வளவு காலம் நில்லாது. வேலை செய்யாது கிடந்தாலும் கலம் தன்னுள்ளே சிறிது சிறிதாகத் தேயும். வெப்பம் அத்தேய்வை விரைவாக்கும். தொடுமிடத்துத் துரு தடையாகும். மலிவான சில மணிக்கூட்டுத் தகடுகளில் வேறொரு கேடும் உண்டு. மீள மின்னேற்றத்தக்க கலத்துக்கென அமைந்த மின்னேற்று சுற்று அவற்றிலே இருக்கும். அதில் மின்னேற்றலாகாத கலத்தை வைத்தால் கலம் பழுதுறும், சிலவேளை வீங்கியும் விடும்.

காப்பு மின்கலத்தின் இயல்பொன்றை இங்கே கருதுதல் வேண்டும். மற்றைய மின்கலங்கள் நாளும் உழைப்பன. களைத்தால் உடனே தெரியும். மின்சூளின் ஒளி மங்கினால் நாம் புதிய கலம் வாங்குகின்றோம். காப்பு மின்கலமோ, வீட்டு மின்சாரம் உள்ளவரை வேலையின்றிக் காத்திருக்கின்றது. அது உயிரோடு இருக்கின்றதா இறந்துவிட்டதா என்பது அந்நாட்களில் எவ்வேறுபாட்டையும் உண்டாக்காது. வேறுபாடு தோன்றும் நாள், அது வேண்டப்படும் நாளேயாம். இலிதியக் கலத்தின் அழுத்தமோ இறுதிவரை பெரும்பாலும் குறையாது நின்று, முடிவிலே சடுதியாக வீழும் இயல்பினது. ஆதலின் நேற்று அளந்தபோது நன்றாயிருந்தது என்பது நாளைக்கு உறுதியன்று. பெரிய கருவிகளுக்குத் துணையாக வைக்கும் 12 வோல்ற்று ஈயவமிலப் பற்றரிகளின் நிலையும் இத்தகையதே. ஒன்றும் இணைக்காது அளந்தால் முழு அழுத்தம் காட்டும். சுமை ஏற்றியதும் தளர்ந்துவிடும். 25 பாகைக்கு மேல் ஒவ்வொரு 10 பாகை வெப்பத்துக்கும் அவற்றின் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும் என்பது தொழிலறிந்தோர் வழக்காகக் கொள்ளும் விதி. நம் நாட்டில், தகரக்கூரையின்கீழ் வைத்த பற்றரி எத்துணை விரைவில் முதுமையடையும் என்பதைப் படிப்போரே கணித்துக் கொள்ளலாம்.

நம் கருவியில் நிகழ்ந்ததும் இதுவே. அதனுள்ளே இருந்த கலம் கருவியோடு வந்தது. எத்தனை காலம் களஞ்சியத்திற் கிடந்ததென்று ஒருவரும் கேட்கவில்லை. மின்சாரம் தடைப்படாத ஐப்பசியில் எல்லாம் நன்றாக நடந்தது. மார்கழியிலே மின்சாரம் நின்ற முதற் கணத்தில் மணிக்கூடும் நின்றது. மின்சாரம் திரும்பியபோது விளக்கும் திரும்ப எரிந்தது. ஆனால் நாள் திரும்பவில்லை.

இனி விளக்கின் வரலாற்றைக் காண்பாம். கருவிகளில் எரியும் இச்சிறு விளக்கு ஒளிகாலும் இருவாயி எனப்படும். எல்.ஈ.டி. என்று யாவரும் அறிவர். குறைகடத்திப் பளிங்கினூடே மின் செல்லும்போது இலத்திரன்கள் தாழ்ந்த சத்திநிலைக்கு இறங்கி, அவ்வேறுபாட்டை ஒளியாக வெளியிடுகின்றன. கண்ணுக்குப் புலனாகும் செந்நிற இருவாயியை அமெரிக்காவில் நிக் ஒலோனியாக் என்பார் 1962ஆம் ஆண்டில் ஆக்கிக் காட்டினார். இழை எரிந்து அறும் பழைய குமிழ்களைப்போலன்றி இவை நெடுங்காலம் உழைப்பன. ஆகவே கருவி செய்வோர் யாவரும் இவற்றை விரும்பி ஏற்றனர்.

விளக்கு எரிகின்றது என்றால் அதன் பொருள் யாது? இவ்வினாவை நாம் அன்று கேட்கவில்லை. விளக்கு எந்தக் கம்பியோடு இணைந்துளதோ, அந்தக் கம்பியின் நிலையை மட்டுமே அது கூறவல்லது. அதனாற் பதிகருவிகளின் விளக்குகளை மூவகைச் சாட்சிகளாகப் பகுக்கலாம். முதல்வகை, மின்வழங்கலோடு ஒரு தடையியினூடே நேரே இணைந்த விளக்கு. மின் வருகின்றது என்பதன்றி வேறொன்றும் அது அறியாது. கருவியின் நுண்செயலி செயலற்றுக் கிடந்தாலும் அது எரியும். இரண்டாம்வகை, நுண்செயலி தானே ஏற்றி அணைக்கும் விளக்கு. அது விட்டுவிட்டு மின்னுமாயின், செயலி உயிரோடுளது என்பது பெறப்படும். எழுதப்பட்டதா என்பது பெறப்படாது. மூன்றாம்வகை, நினைவகத்தில் எழுதி, எழுதியதை மீள வாசித்துச் சரிபார்த்தபின் மட்டும் மின்னும் விளக்கு. ‘எழுதியது இருக்கின்றது’ என்று கூறவல்லது இதுவே. நாளும் சரியா என்பதை இதுவும் கூறாது. நம் கருவியிலிருந்தது முதல்வகை. அதன் வாயில் மூன்றாம்வகையின் சொல்லை வைத்து எழுதினான் மாணவன், ஒப்பமிட்டோம் நாம்.

எரியாத விளக்கும் ஐயத்துக்குரியது. சில கருவிகளில் விளக்கு எரியாதிருப்பதே நல்ல நிலை. இடைவிடாது எரியும் விளக்கு 5 மில்லி அம்பியர் உண்ணுமாயின், நாணயக் கலமொன்று 44 மணி நேரத்திற் தீரும். அதே விளக்கைப் பத்துச் செக்கனுக்கு ஒருமுறை, செக்கனின் நூற்றிலொரு பங்கு நேரம் மட்டும் மின்னச் செய்தால், செலவு ஆயிரத்திலொன்றாகும். கணக்கின்படி ஐந்தாண்டு நிற்கும். ஆதலின் மின்கலத்தால் இயங்கும் கருவியின் முன் நின்று பத்துச் செக்கன் பொறுத்துப் பார்த்தபின்னரே, எரியவில்லை என்று கூறலாம். அன்றியும், பழுது நேர்ந்தால் எரியும் என்று அமைத்த விளக்கு தானே பழுதாயின், எல்லாம் நலமென்றே காட்டும். பெரிய ஆலைகளின் கட்டுப்பாட்டுப் பலகைகளில், விளக்குகள் யாவற்றையும் ஒருங்கே ஏற்றிச் சோதிக்கும் பொத்தானொன்று இருப்பது இக்காரணத்தாலாம்.

ஒரு பாடசாலைக் கருவியிலே நேர்ந்தால் நட்டம் ஒரு மாணவனின் கணக்கு. இதே பிழை உலகில் வேறிடங்களிற் பெருங்கேடு விளைத்ததுண்டு. அமெரிக்காவின் பென்சில்வேனியாவிலுள்ள மூன்று மைல் தீவு அணுமின் நிலையத்தில் 1979 மார்ச் 28ஆம் நாள் வைகறையில், அழுத்தத்தைத் தணிக்கும் வால்வொன்று திறந்தது. அழுத்தம் குறைந்ததும் அது மூடுதல் வேண்டும், மூடாது சிக்கிக்கொண்டது. கட்டுப்பாட்டறையிலே அதற்குரிய விளக்கு அணைந்தது. அணைந்தமையால், வால்வு மூடியது என்று கடமையிலிருந்தோர் கருதினர். உண்மையில் அவ்விளக்கு வால்வோடு இணைந்ததன்று. வால்வை இயக்கும் மின்காந்தத்துக்குச் செல்லும் மின்னோடு இணைந்தது. ‘மூடு’ என்னும் கட்டளை சென்றது என்பதையே அது கூறிற்று. வால்வு கீழ்ப்படிந்ததா என்பதை அது அறியாது. வெளியேறு குழாயின் வெப்பநிலை உயர்ந்து நின்றமை இரண்டாவது சாட்சியாக இருந்தது. முன்னரே இருந்த கசிவு அதற்குக் காரணமென்று அதனை ஒதுக்கினர். எச்சரிக்கைகளை அச்சிட்ட கணினியும் அவற்றின் பெருக்கத்தாற் பின்தங்கி, நடந்து முடிந்தவற்றையே அச்சிட்டுக்கொண்டிருந்தது. இரண்டு மணி நேரத்துக்கு மேலாகக் குளிர்நீர் வெளியேறியது. உலையின் உள்ளகத்திற் பாதியளவு உருகிற்று. ஏவல் வினைமுற்றை இறந்தகால வினைமுற்றாக வாசித்தனர் என்று நம் மொழியிற் கூறலாம்.

மின்கலத்தின் கதை யப்பானில் நிகழ்ந்தது. 2011 மார்ச் 11ஆம் நாள் பிற்பகல் 2.46 மணிக்கு நேர்ந்த நிலநடுக்கத்தாற் புகுசிமா தாயிச்சி அணுமின் நிலையத்துக்கு வெளிமின்சாரம் அற்றது. டீசல் மின்பிறப்பாக்கிகள் உடனே தொடங்கின. ஏறத்தாழ 50 நிமிடத்தின் பின் ஆழிப்பேரலை வந்தது. முதலிரண்டு உலைகளில் மின்பிறப்பாக்கிகளோடு காப்புப் பற்றரிகளின் மின்சாரமும் அற்றுப்போயிற்று. கட்டுப்பாட்டறை இருண்டது. விளக்கும் இல்லை, அளவுமானியும் இல்லை. உலையினுள் நீர் எவ்வளவு உளது என்பதை அறிதற்கு வழியின்றி, நிலையத்து ஊழியர் நின்ற வாகனங்களிலிருந்து பற்றரிகளைக் கழற்றிக் கொணர்ந்து அளவுமானிகளோடு இணைத்தனர். அன்றிரவு 9 மணியளவில் முதலாம் உலையின் நீர்மானி உயிர்பெற்று, எரிபொருளுக்கு மேலே நீர் நிற்கின்றது என்று காட்டியது. அஃது உண்மையன்று என்பது பின்னர் அறியப்பட்டது. அம்மானி, ஒப்பிடுதற்கென ஒரு குழாயில் நிறுத்திய நீரோடு உலைநீரை ஒப்பிட்டு அளப்பது. வெப்பத்தால் அக்குழாயின் நீர் ஆவியானமையால் உலைநீர் உயர்ந்திருப்பதுபோலத் தோன்றியது. மின் திரும்பினால் மெய்யும் திரும்பும் என்று கருதுதல் கூடாது என்பதற்கு இதனினும் கொடிய சான்று வேண்டுவதில்லை.

மூன்றாவதாக ஒன்றைக் கூறி அமைவாம். விமானங்களிற் கறுப்புப் பெட்டி என வழங்கும் பதிகருவி உண்டு. பெயர் கறுப்பாயினும் நிறம் செம்மஞ்சள். 1950களில் அவுத்திரேலியாவைச் சேர்ந்த டேவிட் வாரன் என்னும் விஞ்ஞானி, விமானியின் குரலையும் கருவிகளின் அளவையும் ஒருங்கே பதியும் கருவியொன்றைச் செய்துகாட்டினார். இக்காலத்துப் பெட்டிகளோடு, நீரில் வீழ்ந்தால் ஒலிக்குறி எழுப்பும் சிறு கருவியொன்று பொருத்தப்படும். தனக்கென வைத்த மின்கலத்தால் அது 30 நாள் ஒலிக்கவேண்டும் என்பது அக்காலத்து விதி. 2014 மார்ச் 8ஆம் நாள் கோலாலம்பூரிலிருந்து பெய்சிங் நோக்கிப் புறப்பட்ட எம்.எச். 370 விமானம் 239 பேரோடு மறைந்தது. அதன் பறப்புத் தரவுப் பதிகருவியோடிருந்த ஒலிக்குறிக் கருவியின் மின்கலம் 2012 டிசெம்பரிலேயே காலாவதியாகியிருந்தது என்பது 2015இல் வெளியான இடைக்கால அறிக்கையால் தெரியவந்தது. கலம் புதியதாயிருந்தால் விமானம் அகப்பட்டிருக்கும் என்று நாம் சொல்லத் துணியோம். கடல் அத்துணைப் பெரிது. ஆயினும், ஓராண்டுக்கு மேலாக அந்த மின்கலம் தன் காலம் கடந்து நின்றதை எந்த விளக்கும் கூறவில்லை. ஒரு தேதியை ஒருவர் வாசித்திருந்தாற் போதும்.

இவற்றிலிருந்து நாம் கொள்ளத்தக்க நெறிகள் சில. முதலாவது, காப்பு மின்கலத்தின்மேல் அதனை வைத்த நாளை எழுதுக. குறித்த ஆண்டு கடந்ததும், நன்றாயிருப்பினும் மாற்றுக. மணிக்கூட்டுக் கலத்தை மாற்றும்போது கருவிக்கு மின் வழங்கல் இருக்கட்டும். இன்றேல் மாற்றும் செயலே நேரத்தை அழித்துவிடும். இரண்டாவது, மழைக்காலத்துக்கு முன்னரே, நம் கைகளால் மின்னை நிறுத்தி, பத்து நிமிடத்தின் பின் மீள வழங்கி, மணிக்கூடு சரியான நேரத்திலே நிற்கின்றதா என்று பார்க்க. வேண்டாத நாளிற் சோதித்த மின்கலத்தையே வேண்டும் நாளில் நம்பலாம். மூன்றாவது, விளக்கைப் பார்த்து அமையாது, வாரத்துக்கொருமுறை பதிவையே திறந்து இறுதி வரியை வாசிக்க. நான்காவது, இரண்டாவது சாட்சியொன்றை வைக்க. கருவியருகே ஒரு சாதாரண மழைமானியை வைத்து, நாள்தோறும் கையால் அளந்து கொப்பியில் எழுதியிருந்தால், நம் மாணவனின் மழைகளுக்கு நாள் கிடைத்திருக்கும். கிணற்றுக்குக் கொப்பி வைத்தவன், கருவி உண்டென்ற நம்பிக்கையால் மழைக்கு வைக்கவில்லை.

பழைய மாணவ அன்பர்களிடம் ஒரு சொல். சோழர் காலத்துக் கல்வெட்டுக்களில், கோயிலுக்கு நந்தா விளக்கு வைத்தோரின் கொடைகள் பல பொறிக்கப்பட்டுள்ளன. விளக்கை மட்டும் கொடுத்து அவர் அமைந்தாரல்லர். நாள்தோறும் உழக்கு நெய் கிடைத்தற்பொருட்டு 90 ஆடோ 96 ஆடோ சேர்த்தே கொடுத்தனர். அவ்வாடுகளைச் ‘சாவா மூவாப் பேராடு’ என்று கல்வெட்டுக்கள் வழங்கும். ஆடு சாகாது என்பது அதன் பொருளன்று. சாவதற்கும் மூப்பதற்கும் ஈடாகக் குட்டிகளை வளர்த்துத் தொகை குறையாது காத்தல், ஆடுகளை ஏற்றோர் கடன் என்பதே பொருள். கருவி அளித்த அன்பர்களின் கொடை பெரிது. அதிற் குறையொன்றும் இல்லை. அதனை ஏற்ற நாமே நெய்க்கு வழி செய்யாது விளக்கை ஏற்றிவைத்தோம். இனி விஞ்ஞான மன்றத்தின் ஆண்டுக் கணக்கில் ‘மின்கலம் மாற்றல்’ என்று ஒரு வரி இருக்கவேண்டுமென்று கேட்டுக்கொண்டோம், சேர்த்துள்ளனர். இனிக் கருவி அளிக்க முன்வருவோரும் அவ்வரியை நினைப்பாராக.

அம்மாணவன் உயர்தரப் பரீட்சை எழுதிக் கல்லூரியை விட்டுச் சென்றுவிட்டான். செல்லுமுன் தன் கிணற்றுக் கொப்பியை அடுத்த வகுப்பு மாணவனொருவனிடம் ஒப்படைத்தான். “நாளில்லாத மழையை என்ன செய்வது, சேர்?” என்று நம்மிடம் கேட்டான். “மொத்தத்தை எழுதி, நாள் அறியப்படவில்லை என்று கீழே எழுது, தம்பி. இல்லாத நாளை ஊகித்து எழுதாதே” என்றோம். அவ்வாறே எழுதினான். அவனுடைய கணக்கின் அந்தப் பக்கம் வெறுமையாயிருப்பினும் உண்மையாயிருக்கின்றது.

பெட்டியின்மேலிருந்த பழைய அறிவித்தலை நாமே உரித்தெடுத்தோம். புதியதை இருவருமாக எழுதினோம். அஃது இது:

“பச்சை விளக்கு எரிந்தாற் கருவிக்கு மின் வருகின்றது என்று மட்டும் அறிக. பதிவு நிகழ்கின்றதா, நாள் சரியா என்பவற்றைப் பதிவைத் திறந்து பார்த்து அறிக. காப்பு மின்கலம் வைத்த நாள் பெட்டியின் உட்புறத்தில் எழுதப்பட்டுள்ளது. பார்த்தவர் கொப்பியில் ஒப்பமிடுக.”

வாக்கியம் முன்னையதினும் நீண்டது, அழகிலும் குறைந்தது. ஆனால் விளக்கு அறியாத எதையும் விளக்கின்மேல் ஏற்றிக் கூறவில்லை.